சொம்பு வெளியே போன சனிக்கிழமை

அத்தை அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. சுட்டுக்கொண்டுவிட்டாரோ என்று நினைத்து, கையிலிருந்த முந்திரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"கைக்கு என்னா ஆச்சு அத்தை?"

"கைக்கு ஒண்ணும் ஆவல. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, அதான் கட்டிப் போட்டிருக்கேன். நீ சும்மா நிக்காம அந்தச் சாக்லேட் கட்டிய உடை."

அப்போதுதான் கவனித்தேன். அடுப்புக்கு இடப்பக்கம், மேடைமேல் எப்போதும் இருக்கும் பித்தளைச் சொம்பைக் காணோம். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தச் சொம்பு இடம் மாறிப் பார்த்ததில்லை.

அது டிசம்பர் மாதம். எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நயா பைசா வந்து, அதை எல்லோரும் திட்டி ஓய்ந்திருந்த காலம். காக்ஸ் டவுனில், ஜீவனஹள்ளிக்குப் போகும் வழியில் எங்கள் ஓட்டு வீடு. விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகாமல், பால்காரர் மப்ளரோடு வந்து போயிருந்தார். சமையலறையில் மண்ணெண்ணெய் வாசனையும் வறுத்த முந்திரி வாசனையும் கலந்து கிடந்தன.

போன வாரம் இந்தப் பகுதியில் அந்த வீட்டுக் கிணற்றடியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் மாமியார் அவ்வளவு கண்டிப்பானவரா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கண்டிப்பு என்ற சொல் சரிவராது. கண்டிப்பானவர்கள் நம்மைத் திருத்தப் பார்ப்பார்கள். அத்தை யாரையும் திருத்தியதில்லை. தன் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டார்.

பத்து

பத்து பார்ப்பது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சோற்றைத் தொட்ட கையால் நெய்யைத் தொடக்கூடாது. குழம்புக் கரண்டி பட்ட கையோடு பால் பாத்திரத்தின் பக்கம் போகக்கூடாது. நடுவில் கை தண்ணீரைத் தொட்டாக வேண்டும். எங்கள் வீடு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த சைவக் குடும்பம். மற்ற வழக்கங்கள் வழியில் உதிர்ந்துவிட்டன. இது மட்டும் அத்தையோடு ரயிலேறிப் பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டது.

அதற்காகத்தான் அந்தச் சொம்பு. ஒன்றைத் தொட்டுவிட்டு இன்னொன்றைத் தொடுவதற்குள் அத்தையின் வலது கை இடப்பக்கம் போய், சொம்பில் முங்கி, ஒரு உதறு உதறிவிட்டுத் திரும்பும். கரண்டியைக் கீழே வைத்து எடுத்தால் கரண்டிக்கும் அதே குளியல். யாரிடமாவது பேசிக்கொண்டே செய்வார். தான் செய்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

வெளியே எங்கு போனாலும் அத்தை சாப்பிட மாட்டார். வெளியாள் கை பட்டதையும் வாயில் போட மாட்டார். கல்யாண வீடானாலும் இளநீர்தான். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாளிடம் சிரோட்டி செய்யக் கற்றுக்கொண்டார். மைதாவை மெல்லிசாக இட்டு, நெய் தடவி, அடுக்கி, சுருட்டி, வெட்டிப் பொரித்தால் ஏடு ஏடாக விரியுமே, அந்தச் சிரோட்டி. கற்றுக் கொடுத்தவர் வீட்டில் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. வீட்டுக்கு வந்து தன் அடுப்பில் செய்துதான் ருசி பார்த்தார். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "அவங்க அப்படித்தான்," என்று சிரித்ததோடு சரி.

வசந்தா கேட்டது

என் நாத்தனார் வசந்தா டெலிபோன் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போனால் மாலையில்தான் வருவாள். அவள் வேலை செய்த லைனுக்கு அடுத்த லைனில் சாமுவேல் என்ற பையன். கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். நெஞ்சில் தூசி ஏறி, வீட்டோடு இருந்தார். அம்மா எஸ்தர்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். வசந்தா இதை நேராக அம்மாவிடமே சொன்னாள். அழவும் இல்லை, மிரட்டவும் இல்லை.

"நீ சரின்னா பண்ணிக்கிறேன். நீ வேணாம்னா பண்ணிக்க மாட்டேன். வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன்," என்றாள்.

இதைவிட மோசமான மிரட்டல் இருக்க முடியாது என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அண்ணன் என்ற முறையில் இவர் தனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு, பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். எல்லாம் அத்தையின் ஒரு வார்த்தையில் நின்றது.

அத்தை சில நாள் தள்ளிப்போட்டார். பிறகு, "அந்தம்மாவ வரச் சொல்லு. பாத்துட்டு சொல்றேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது வசந்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள். சாமுவேலின் அம்மாவுக்கு இனிப்பென்றால் சாக்லேட்தானாம். அப்பா வேலையில் இருந்தவரை கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பாக ஒரு கட்டி வாங்கி வருவாராம். படுத்த பிறகு அது நின்றுபோய்விட்டதாம்.

இங்கே நான் குறுக்கே புகுந்தேன். கான்வென்டில் டொமஸ்டிக் சயன்ஸ் படித்தவள் நான். சாக்லேட் கட்டியை உருக்கி, தட்டில் மெல்லிசாக ஊற்றி, மேலே கொட்டைப் பருப்புகளைத் தூவி, இறுகியதும் கையால் உடைத்துத் தின்பதற்கு அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மரப்பட்டை மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்து காபி ஆற்றுவதைத் தவிர வேறு எதற்கும் என் படிப்பு பயன்படவில்லை. எனக்கும் ஆசை இருக்காதா?

"செய்யலாம்," என்றார் அத்தை. "ஆனா என் அடுப்புல என் கைதான். அப்புறம், நம்ம வீட்டுப் பலகாரம் ஒண்ணு இல்லாம வெறும் கடைச் சரக்கையா வெப்பாங்க? சிரோட்டிய உடைச்சுப் போடு அதுல."

கழுவப்பட்ட சாக்லேட்

ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்தில் பேக்கரிக்காரர்களுக்குச் சரக்கு போடும் கடை ஒன்று இருந்தது. அங்கே சமையல் சாக்லேட் செங்கல் கணக்காகக் கிடைக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கட்டி வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். கடையிலிருந்து வந்த பொருள், யார் யார் கை பட்டதோ என்று அத்தை முதல் கட்டியைக் குழாயடியில் காட்டி, புடலங்காய் கழுவுவது போலக் கழுவிக்கொண்டு வந்தார். நான் துடைத்து வாங்கினேன். அதில் என்ன கெட்டுப்போகும் என்று அப்போது தோன்றவில்லை.

உருக்கும்போது முதலில் அழகாகத்தான் இருந்தது. கறுப்பாக, பளபளப்பாக, வாசனை கூடம்வரை போயிற்று. அத்தை கிளறினார். கரண்டியை வைத்துவிட்டு முந்திரியைத் தொட்டார், கை சொம்புக்குப் போனது. திரும்பி வந்து கரண்டியை எடுத்தார், கரண்டி சொம்புக்குப் போனது. உதறிவிட்டு மறுபடி கிளறினார். சட்டப்படி பார்த்தால் சாக்லேட்டுக்கும் பத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழகின கை சட்டம் பார்க்குமா?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளப்பு போயிற்று. சாக்லேட் சுருண்டு, திரிதிரியாகி, கடைசியில் கேழ்வரகுக் களி மாதிரி கரண்டியோடு உருண்டு வந்தது. நெருப்பைக் குறைத்தோம். கூட்டினோம். நெய் விட்டோம். அது களியாகவே இருந்தது.

"சரக்கு மட்டம்," என்றேன் நான்.

அத்தை பாத்திரத்தை இறக்கி வைத்தார். அவருடைய அடுப்பில் பால்கூடத் திரிந்ததில்லை. சாயங்காலம் என் கணவர் அந்தக் களியைப் பாலில் கரைத்துக் குடித்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்த நேரத்தில் அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வசந்தா வேலை முடிந்து வந்தாள். களியைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், அம்மாவின் ஈரக் கையைப் பார்த்தாள். என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, தண்ணிதான். எங்க லைன்ல கையில வேர்வ இருந்தாலே சாமானத் தொட வுட மாட்டாங்க, கெட்டுப்போவும்னு. இதுவும் அப்படித்தான். ஒரு சொட்டு பட்டிருக்கும்."

"அப்ப அத்தைகிட்ட சொல்லிடலாமே."

"என்னான்னு சொல்வீங்க? தண்ணியத் தொடாதேன்னா?" "அந்தம்மா வூட்டுக்குள்ள காலே வெக்கல, அதுக்குள்ள என் சொம்ப எடுத்துட்டாங்கன்னு சொல்லும். அதோட எல்லாம் முடிஞ்சிரும். வேணாம் அண்ணி. சிரோட்டி போதும். சாக்லேட்டே வேணாம்."

அவள் சொன்னது நியாயம்தான். நான் தலையாட்டினேன். திரும்பியபோது, துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் அத்தை குடத்தோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. எங்களைப் பார்க்காமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வசந்தா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

அதுவும் பத்து பார்க்கிறது

மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன காட்சி. சொம்பு கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. அதை வைத்தவர் அத்தைதான்.

மகள்மேல் இருந்த பாசத்தால் இப்படிச் செய்தார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் அடுப்பில் ஒரு பண்டம் தன்னை ஜெயித்துவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை. வீம்பு. அன்றைக்கு அவர் முகத்தில் நான் பார்த்தது அதுதான்.

இரண்டாவது கட்டியை யாரும் கழுவவில்லை. கத்தியால் சீவிச் சீவிப் போட்டேன். அகலப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இறக்கி, அதன்மேல் சாக்லேட் கிண்ணத்தை வைத்தேன்.

"கீழ தண்ணி இருக்கலாமா?" என்றார் அத்தை.

"கீழ இருக்கலாம் அத்தை. மேல வரக்கூடாது. ஆவிகூடப் படக்கூடாது."

அத்தை கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "அப்ப இதுவும் என்னாட்டமே பத்து பாக்குது," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

துணி சுற்றிய கையால் அவர் கிளறுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. கரண்டியை வைத்த மறுகணம் கை தானாக இடப்பக்கம் போகும். வெறும் மேடையில் முட்டிக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு தடவையும் அவர் அந்தக் கையை, யாரோ தெரியாத ஆளின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சாக்லேட் உருகி வழவழவென்று ஆயிற்று. நெய் தடவிய தாம்பாளத்தில் ஊற்றிச் சாய்த்துச் சாய்த்துப் பரப்பினேன். வறுத்த முந்திரி, தோல் நீக்கிய வேர்க்கடலை, அதன்மேல் அத்தையின் சிரோட்டியை நொறுக்கித் தூவினோம். சிரோட்டி ஏடுகள் பாதி முங்கி, பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. வலைமூடி போட்டுக் கொல்லைப்பக்கத் திண்டில் வைத்தோம். பெங்களூர் டிசம்பரில் ஐஸ் பெட்டி எதற்கு? வெயில் ஏறுவதற்குள் தட்டு கல்லாக இறுகிவிட்டது.

"சொம்ப எடுத்தாந்து வெக்கட்டுமா அத்தை?" என்றேன்.

"இருக்கட்டும். நாளைக்கு அத ஒடைக்கணுமில்ல? ஈரக் கை ஆவாதே," என்றார். வேறு சமையலுக்கு அன்று பூராவும் கிணற்றடிக்கு நடந்து நடந்து கையை நனைத்துக்கொண்டார்.

பழத்துக்குப் பத்து இல்லை

ஞாயிற்றுக்கிழமை தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, அம்மாவும் மகனும் நடந்தே வந்தார்கள். எஸ்தரம்மா ஒல்லியான உடம்பு. வெளுத்த ஊதாப் புடவை, இழுத்து முடிந்த கொண்டை. கையில் ஒரு பை. உள்ளே நுழைந்ததும் அதை அத்தையிடம் நேராக நீட்டாமல், ஸ்டூல்மேல் வைத்தார்.

"வெறும் கமலாப்பழம்தாங்க. வூட்டுல எதுனா பண்ணிக்கினு வரலாம்னு பாத்தேன். பையன் சொன்னான், பண்ணதுக்குத்தான் பத்து, பழத்துக்குப் பத்து இல்லைன்னு. அதான்."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காருங்க," என்றார்.

பேச்சு கல்லில் நார் உரிப்பது போல வந்தது. எந்த ஊர் என்று அத்தை கேட்டார். தாத்தா காலத்தில் குடியாத்தம் பக்கம் என்றார் எஸ்தரம்மா. வேலூர் வெயில் பற்றிப் பேசினார்கள். பாலாற்றில் தண்ணீர் இல்லாதது பற்றிப் பேசினார்கள். வீட்டுக்காரருக்கு இருமல் எப்படி என்று அத்தை கேட்டார். "ராத்திரில உக்காந்தே தூங்குவாருங்க," என்றார் எஸ்தரம்மா. சாமுவேல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அத்தை கண்ணைக் காட்டினார். நான் தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தேன். முழுசாக, உடைக்காமல். உடைப்பது விருந்தாளியின் வேலை என்று எங்கள் கான்வென்டில் வழக்கம்.

எஸ்தரம்மா தாம்பாளத்தைப் பார்த்ததும் மகனைப் பார்த்தார். அவன் தலையை இன்னும் குனிந்துகொண்டான்.

"உனக்கு எப்பிடிடா ஞாபகம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து அழுத்தினார். படக் என்று நல்ல சத்தத்தோடு ஒரு துண்டு வந்தது. அதை மறுபடி இரண்டாக உடைத்து, பெரிய பாதியைப் பக்கத்தில் இருந்தவர் பக்கம் நீட்டிவிட்டார். ஒரு கட்டியை வீடு முழுக்கப் பங்கு போட்ட கை அது. நினைத்துச் செய்யவில்லை.

"எடுத்துக்குங்க அக்கா."

பக்கத்தில் இருந்தவர் அத்தை.

கூடத்தில் யாரும் அசையவில்லை. அத்தையின் வலது கை மடியிலிருந்து எழுந்து, இடப்பக்கம் போயிற்று. அங்கே ஸ்டூலும் கமலாப்பழப் பையும்தான் இருந்தன. சொம்பு கிணற்றடியில் இருந்தது. கை அந்தரத்தில் நின்றது.

எஸ்தரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, மறந்துட்டேங்க. கைவாக்குல பண்ணிட்டேன். மன்னிச்சிக்குங்க," என்று நீட்டிய கையை இழுத்துக்கொள்ளப் போனார். நிலைப்படியில் வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"குடுங்க," என்றார் அத்தை.

அந்தரத்தில் நின்ற கை திரும்பி வந்தது. துண்டை வாங்கி வாயில் போட்டார். சிரோட்டி நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நிதானமாக மென்று விழுங்கினார். அவருடைய விரல் நுனிகளில் சாக்லேட் உருகிப் பழுப்பாக ஒட்டியிருந்தது. எழுந்து கிணற்றடிக்குப் போவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"முந்திரி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்," என்றார்.

பிறகு நிலைப்படிப் பக்கம் திரும்பினார்.

"என்னாடி மரம் மாதிரி நின்னுக்கினு இருக்க? உன் அத்தைக்குக் காபி கொண்டா."

இந்த வீட்டில் நான் அத்தை என்று கூப்பிட்டது கணவனைப் பெற்றவரை. அந்த நிமிஷம்வரை எஸ்தரம்மா எங்கள் வீட்டில் 'அந்தம்மா'தான். சாமுவேல் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். எஸ்தரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வசந்தா உள்ளே போனாள். வெகுநேரம் காபி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காமல் இருக்க முழங்காலுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மேடையில் சொம்பின் தடம் காய்ந்திருந்தது.

காபியை நான்தான் போட்டேன்.